ஆறாம் வகுப்புக்கு எந்த அரசுப் பள்ளி? ஊர்ப் பள்ளியா, பக்கத்து ஊரா, டவுனா?

மகளின் அம்மா:

எல்லாருக்கும் வணக்கமுங்க. கரூர் பக்கம் ஒரு கிராமத்துல இருந்து எழுதுறேன். டெக்ஸ் கம்பெனியில தையல் வேலை பார்க்கிறேன். வீட்டுக்காரர் லாரி டிரைவர், மாசத்துல பாதி நாள் வெளியூர்லதான் இருப்பார். மகள் எங்க ஊர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில அஞ்சாவது முடிக்கப் போறா. வர்ற ஜூன்ல ஆறாவது. எங்கே சேர்க்கிறதுன்னு முடிவு எடுக்க முடியலைங்க.

எங்களுக்கு எட்டற தூரத்துல மூணு அரசுப் பள்ளி இருக்குது.

ஒண்ணு, அவ இப்போ படிக்கிற ஊர்ப் பள்ளி. வீட்ல இருந்து ரெண்டு தெரு தள்ளி. எட்டாவது வரைக்கும் இருக்கு. ஆறு, ஏழு, எட்டு மூணும் சேர்த்து நாற்பது பிள்ளைங்க இருந்தா அதிகம். ஹெச்.எம். டீச்சருக்கு ஒவ்வொரு பிள்ளையோட வீடும் தெரியும். ஆனா கணக்கு சார் போன வருசம் மாறுதல்ல போயிட்டார், அந்த இடம் இன்னும் காலியாவே கிடக்கு. மத்த டீச்சருங்கதான் மாத்தி மாத்திப் பார்த்துக்கிறாங்களாம்.

ரெண்டாவது, பக்கத்து ஊராட்சி நடுநிலைப் பள்ளி. ரெண்டரை கிலோமீட்டர், நடுவுல மெயின் ரோடு தாண்டணும். புதுக் கட்டடம், சுவரெல்லாம் படம், ஆங்கில வழியும் உண்டு. ஆறுல இருந்து எட்டு வரைக்கே நூறு பேருக்கு மேல. எங்க ஊர்ப் பிள்ளைங்க சில பேர் சைக்கிள்ல போறாங்க. நாங்க அதை ரோட்டுப் பள்ளின்னு சொல்லுவோம்.

மூணாவது, டவுன்ல இருக்கிற பெண்கள் மேல்நிலைப் பள்ளி. ஒன்பது கிலோமீட்டர். ஒரே டவுன்பஸ், காலையில ஏழே முக்காலுக்கு ஏறணும், திரும்பி வர அஞ்சரை ஆயிடும். சேர்த்துட்டா பன்னெண்டாவது வரைக்கும் மாத்த வேண்டியதில்லை. ஆனா ஒரு செக்‌ஷன்ல ஐம்பதுக்கு மேலன்னு சொல்றாங்க.

மாமியார் பிரைவேட் ஸ்கூல் வேன்ல ஏத்திவிடுன்னு சொல்றாங்க. எங்க அண்ணன், டவுன்ல இருக்கிற உதவி பெறும் பள்ளியில போடு, அதுவும் கவர்மென்ட் மாதிரிதான்னு சொல்றார். ஆளுக்கு ஒரு பேச்சு.

மகளைப் பத்திச் சொல்லணும்னா, தமிழ் தடங்கல் இல்லாம வாசிப்பா. கணக்குல கூட்டல், கழித்தல், பெருக்கல் வருது, வகுத்தல்னா பென்சிலைக் கீழே வெச்சிடுவா. கேள்வி கேட்டா பதில் தெரிஞ்சாலும் வாய் திறக்க மாட்டா. கூட்டத்துல அப்படியே பின்னாடி போயிடுவா.

நான் பத்தாவதோட நின்னவ. எந்தப் பள்ளி நல்ல பள்ளின்னு எதை வெச்சுப் பார்க்கிறதுன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

டவுன்பஸ்:

சகோதரி, நான் ரெண்டு பொண்ணையும் டவுன் மேல்நிலைப் பள்ளியிலதான் படிக்க வெச்சேன். ஊர்ல எட்டாவது வரைக்கும் படிச்சிட்டு ஒன்பதாவதுக்குப் புதுப் பள்ளிக்குப் போறது பிள்ளைங்களுக்குக் கஷ்டம். அதுவும் அடுத்த வருசமே பத்தாவது பப்ளிக். ஆறாவதுலயே போயிட்டா பள்ளியும் டீச்சருங்களும் பழகிடும். மாணவிகளுக்கு பஸ் பாஸ் இலவசம், டவுன்பஸ்ல பெண்களுக்கும் டிக்கெட் கிடையாது, அதனால போக்குவரத்துச் செலவு இல்லை. ஐம்பது பேர் இருந்தா என்ன, படிக்கிற பிள்ளை எங்கேயும் படிக்கும். யோசிக்காம சேருங்க.

---

ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர்:

அம்மா, நான் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளிகளில் கணக்குப் பட்டதாரி ஆசிரியராக இருந்து, கடைசி சில ஆண்டுகள் தலைமையாசிரியராகவும் இருந்து ஓய்வு பெற்றவள். சேர்க்கை நேரத்தில் வருகிற பெற்றோர் பெரும்பாலும் கட்டடத்தைப் பார்ப்பார்கள், சீருடையைப் பார்ப்பார்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளை எங்கே போகிறது என்று பார்ப்பார்கள். எதை வைத்துப் பார்ப்பது என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று பள்ளிகளையும் முழுசாக எடுத்து ஒப்பிடாதீர்கள். அந்தந்தப் பள்ளியின் ஆறு, ஏழு, எட்டு வகுப்புகளை மட்டும் தனியாக எடுத்துப் பாருங்கள். நடுநிலைப் பள்ளிக்கு ஊரில் கிடைக்கும் நல்ல பெயர் பல நேரம் ஒன்றிலிருந்து ஐந்து வரை நன்றாக நடப்பதால் வந்ததாக இருக்கும். மேல்நிலைப் பள்ளியின் பெயர் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட்டால் வந்தது. நூறு சதவீதத் தேர்ச்சி என்று வாசலில் பேனர் கட்டியிருப்பார்கள். ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்க யார் போகிறார் என்பது அந்தப் பேனரில் இருக்காது.

டவுன்பஸ் தம்பி சொன்னதில் ஒன்று உண்மை, ஒன்பதாவதில் பள்ளி மாறுவது சிரமம்தான். ஆனால் மேல்நிலைப் பள்ளிகளில் நான் பார்த்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அங்கே தலைமையாசிரியரின் கவலை முழுக்கப் பொதுத்தேர்வு வகுப்புகள் மேல். அனுபவமுள்ள ஆசிரியரைப் பத்தாம் வகுப்புக்குப் போடுவார்கள், அது இயல்பு. பள்ளி தேர்வு மையமாக இருந்துவிட்டால் மார்ச், ஏப்ரலில் வகுப்பறைகள் தேர்வுக்குப் போய்விடும், சின்ன வகுப்புகளுக்கு அரை நாள், மாற்று நாள் என்று இழுபடும். ஆறாம் வகுப்புக் கணக்கில் பின்னங்களும் முழுக்களும் மூன்றாம் பருவப் புத்தகத்தில் வருகின்றன. ஜனவரியில் தொடங்குகிற பருவம், பொங்கல் விடுமுறை வேறு. அந்த இரண்டு பாடமும் அரைகுறையாக நின்றுவிட்டால் ஏழாவதில் இயற்கணிதம் ஏறாது. ஒன்பதாவதில் வந்து "எனக்குக் கணக்கே வராது டீச்சர்" என்று சொன்ன பிள்ளைகளை உட்காரவைத்து நோண்டிப் பார்த்தால், முக்கால்வாசிப் பேருக்கு ஓட்டை இந்த இடத்தில்தான் இருக்கும்.

நடுநிலைப் பள்ளிக்கும் அதன் தொல்லை உண்டு. பெரும்பாலான நடுநிலைப் பள்ளிகளில் எழுத்தர் கிடையாது. எமிஸ் (பள்ளி, மாணவர் விவரங்களை ஏற்றும் இணையதளம்) பதிவு, சீருடைக் கணக்கு, புத்தகம் எடுத்து வருவது, கூட்டம், பயிற்சி எல்லாம் ஆசிரியர் தலையில். ஆறு முதல் எட்டு வரை மூன்று பட்டதாரி ஆசிரியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் பயிற்சிக்குப் போனாலே ஒரு வகுப்பு சும்மா உட்கார்ந்திருக்கும். உங்கள் ஊர்ப் பள்ளியில் ஏற்கெனவே ஓர் இடம் காலி. அதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சட்டம் சொல்வதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி ஆறு முதல் எட்டு வரை 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் இருக்க வேண்டும். கணக்கு-அறிவியல், சமூக அறிவியல், மொழி என்று ஒவ்வொன்றுக்கும் குறைந்தது ஓர் ஆசிரியராவது வேண்டும். பிள்ளைகள் நூறுக்கு மேல் போனால் முழுநேரத் தலைமையாசிரியர் வேண்டும், ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்குப் பகுதிநேர ஆசிரியர்களும் வேண்டும். ஆண்டுக்கு 220 வேலை நாள். ஒரு செக்‌ஷனில் ஐம்பதுக்கு மேல் என்றால் அதைப் பற்றிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

சரி, போய்ப் பார்க்கும்போது என்ன செய்வது? பள்ளி நடக்கிற நாளில் போங்கள், விடுமுறையில் போகாதீர்கள். முடிந்தால் மதியத்துக்கு மேல் போங்கள். காலை எல்லாப் பள்ளியும் நன்றாக இருக்கும், மூன்று மணிக்குத்தான் எந்த வகுப்பில் ஆள் இருக்கிறார் என்று தெரியும். கால அட்டவணையைக் கேளுங்கள். கணக்குப் பாடவேளையில் எழுதியிருக்கும் பெயர் அந்தப் பள்ளியின் ஆசிரியரா, மாற்றுப்பணியில் வாரத்துக்கு இரண்டு நாள் வருபவரா, தற்காலிகமாகப் போட்டவரா என்று விசாரியுங்கள். மரியாதையாகக் கேட்டால் சொல்வார்கள்.

பிறகு, ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியிடம் கணக்கு நோட்டை வாங்கிப் பாருங்கள். இதுதான் நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். நோட்டு சுத்தமாக இருக்கிறதா, எல்லாப் பக்கத்திலும் சிவப்பு மையில் கையெழுத்து இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. தப்பு என்ன ஆனது என்று பாருங்கள். நான் பார்த்த ஒரு நோட்டில் ஒரு பிள்ளை 1/2 + 1/3 = 2/5 என்று எழுதியிருந்தது. மேலே இருந்ததை மேலேயும் கீழே இருந்ததைக் கீழேயும் கூட்டிவிட்டது. பக்கத்தில் பெரிய டிக், கீழே கையெழுத்து, தேதி. அந்தப் பிள்ளை சரியாகச் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டே அடுத்த வகுப்புக்குப் போயிருக்கும். இன்னொரு பள்ளியில் அதே தப்பு. அங்கே டீச்சர் 2/5-ஐச் சுற்றி வட்டம் போட்டு, "பாதியைவிடக் குறைவாக வருமா?" என்று ஒரு வரி எழுதி, பக்கத்தில் இரண்டு பட்டைகள் வரைந்து ஒன்றைப் பாதியாகவும் மற்றதை மூன்றாகவும் கோடு போட்டுக் காட்டியிருந்தார். அடுத்த பக்கத்தில் பிள்ளை தானாகவே மறுபடி செய்து 5/6 என்று எழுதியிருந்தது. ஓட்டுக் கட்டடமாக இருந்தாலும் அந்த இரண்டாவது பள்ளியில்தான் என் பேத்தியைச் சேர்ப்பேன்.

கணக்கு உங்களுக்கு அவ்வளவு தெரியாது என்று தயங்க வேண்டாம். வட்டம் போட்ட தப்பு இருக்கிறதா, அதன் கீழே பிள்ளை திருத்தி எழுதியிருக்கிறதா, இந்த இரண்டு மட்டும் கண்ணுக்குத் தெரிந்தால் போதும். திருத்தமே இல்லாமல் முழு நோட்டும் டிக்காக இருந்தால், பலகையில் எழுதியதைப் பார்த்து எழுத வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இன்னொரு நல்ல வழி உண்டு, யாரும் செய்வதில்லை. டவுன் மேல்நிலைப் பள்ளிக்குப் போகும்போது, ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கும் ஆங்கிலமும் எடுப்பவர்களிடம் பேசுங்கள். சுற்றுவட்டார நடுநிலைப் பள்ளிகளில் எட்டாவது முடித்த பிள்ளைகள் எல்லாரும் அவர்களிடம்தான் வந்து சேர்கிறார்கள். எந்த ஊர்ப் பள்ளியிலிருந்து வரும் பிள்ளை கணக்குப் போடுகிறது, எந்த ஊர்ப் பிள்ளைக்கு மறுபடி ஆறாவதிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது என்று அவர்களுக்கு விரல் நுனியில் தெரியும்.

ஆங்கில வழி இருக்கிறது என்று சொன்னீர்கள். அது தனி வகுப்பறையா, ஒரே அறையில் தமிழ் வழியும் ஆங்கில வழியும் சேர்ந்து உட்கார்ந்து ஒரே ஆசிரியர் நடத்துகிறாரா என்று பாருங்கள். உங்கள் மகள் தமிழில் தடங்கல் இல்லாமல் வாசிக்கிறாள், அது பெரிய பலம். கணக்கில் தடுமாறுகிற பிள்ளையை மொழியையும் சேர்த்து மாற்றினால், எது புரியவில்லை என்று அவளுக்கே தெரியாமல் போகும். ஆறாவதில் தமிழ் வழியிலேயே விடுங்கள் என்பது என் கருத்து. ஆங்கிலப் பாடத்தை நன்றாக நடத்துகிறார்களா என்று தனியாகப் பாருங்கள்.

என்.எம்.எம்.எஸ். என்ற உதவித்தொகைத் தேர்வு பற்றியும் கேளுங்கள். எட்டாவது படிக்கும்போது எழுதுவது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு மூன்றரை லட்சத்துக்குள் இருந்து தேர்வானால், ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். எத்தனை பேர் தேர்வானார்கள் என்று எல்லாரும் கேட்பார்கள். நீங்கள் எத்தனை பேர் எழுதினார்கள் என்று கேளுங்கள். நன்றாகப் படிக்கிற நாலு பேரை மட்டும் பொறுக்கி உட்காரவைத்துப் பயிற்சி கொடுக்கிற பள்ளியில், உங்கள் மகள் மாதிரி பின்னால் போய் உட்காருகிற பிள்ளை அந்த நாலில் வரமாட்டாள்.

பெண் பிள்ளை, ஆறாவது, ஏழாவது படிக்கும்போது வயதுக்கு வருகிற பருவம். கழிப்பறையை நீங்களே உள்ளே போய்ப் பாருங்கள். தண்ணீர் வருகிறதா, தாழ்ப்பாள் இருக்கிறதா, நாப்கின் மாதாமாதம் கொடுக்கிறார்களா, பயன்படுத்தியதைப் போடுவதற்கு வழி இருக்கிறதா. இது சரியில்லாத பள்ளியில் பிள்ளைகள் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்து வயிற்று வலியோடு வீட்டுக்கு வருவார்கள்.

ஒரு சின்ன விஷயம். 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் ஒன்று முதல் ஐந்து வகுப்புப் பிள்ளைகளுக்கென்று வந்தது. ஆறாவது போனதும், அதே பள்ளியில் இருந்தாலும் மகளுக்கு மதிய உணவுதான். ஏழே முக்கால் பஸ்ஸுக்குப் போகிற பிள்ளைக்குக் காலையில் வீட்டில் சாப்பாடு ஆகுமா என்பதையும் கணக்கில் வையுங்கள். நீங்களும் அந்த நேரத்தில்தானே வேலைக்குக் கிளம்புவீர்கள்?

வகுத்தலுக்குப் பள்ளி திறக்கும்வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் தையல் கணக்கையே அவளிடம் கொடுங்கள். 96 தலையணை உறை, கட்டுக்கு 12, எத்தனை கட்டு? அடுத்த நாள் 100 உறை, கட்டுக்கு 12, மீதி எத்தனை? எழுதாமல் வாயால் சொல்லட்டும். மீதி வருகிற கணக்குப் பழகிவிட்டால் பயம் தானாகக் குறையும்.

---

எட்டாவது வரை ஊர்ப்பள்ளி:

அக்கா, உங்க அண்ணன் சொன்னதுக்கு மட்டும் பதில் சொல்றேன், ஏன்னா இதுல நிறையப் பேர் ஏமாந்திருக்காங்க. நான் ஊராட்சி நடுநிலைப் பள்ளி, அப்புறம் அரசு மேல்நிலைப் பள்ளி, இப்போ 7.5 சதவீத ஒதுக்கீட்டுல இன்ஜினியரிங் கடைசி வருசம்.

ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரை அரசுப் பள்ளியில படிச்சவங்களுக்கு மருத்துவத்துல 7.5 சதவீதம் தனி ஒதுக்கீடு 2020-ல வந்துச்சு. 2021-ல பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் இதுக்கெல்லாம் நீட்டிச்சாங்க. இந்த ஒதுக்கீட்டுக்கு வருசத்தை எண்ண ஆரம்பிக்கிறதே ஆறாவதுலதான். அதனால இப்போ நீங்க எடுக்கிற முடிவு அதுக்கும் சேர்த்துத்தான். ஊராட்சி ஒன்றியப் பள்ளி, நகராட்சி, மாநகராட்சி, ஆதிதிராவிடர் நலம், கள்ளர் சீரமைப்புப் பள்ளி எல்லாம் இதுல அரசுப் பள்ளிதான். உதவி பெறும் பள்ளி இதுல வராது. சம்பளம் அரசு கொடுத்தாலும் வராது.

ஆறு, ஏழு, எட்டு மட்டும் பிரைவேட்ல படிக்க வெச்சிட்டு ஒன்பதாவதுக்கு அரசுப் பள்ளிக்குக் கூட்டிட்டு வந்தாலும் போச்சு. கல்வி உரிமைச் சட்டத்துல 25 சதவீத இடத்துல சேர்ந்து எட்டாவது வரை பிரைவேட்ல படிச்சு, ஒன்பதுல இருந்து பன்னெண்டு வரை அரசுப் பள்ளியில படிச்சவங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

புதுமைப் பெண் திட்டம் வேற. காலேஜ் போற பொண்ணுங்களுக்கு மாசம் 1,000 ரூபாய், 2022 செப்டம்பர்ல இருந்து. அதுவும் ஆறுல இருந்து பன்னெண்டு வரை அரசுப் பள்ளின்னுதான் ஆரம்பிச்சது, அப்புறம் உதவி பெறும் பள்ளியில தமிழ் வழியில படிச்சவங்களையும் சேர்த்தாங்க. ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சுத்தான் உங்க அண்ணன் மாதிரி சொல்றாங்க. நீங்க சொன்ன மூணு பள்ளியில எதுல போட்டாலும் ரெண்டும் கிடைக்கும். எமிஸ்ல பள்ளி விவரம் எல்லா வருசத்துக்கும் சரியா இருக்கான்னு மட்டும் பார்த்துக்கோங்க, கவுன்சிலிங் நேரத்துல அதான் கேட்பாங்க.

---

எஸ்.எம்.சி. தலைவி:

வணக்கம் சகோதரி. நான் எங்க ஊர் நடுநிலைப் பள்ளியில பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி. என் ரெண்டு பிள்ளைகளும் அங்கேதான்.

கணக்கு ஆசிரியர் இடம் காலின்னு எழுதியிருந்தீங்க. அதைப் பத்தி எஸ்.எம்.சி. கூட்டத்துல தீர்மானம் போட்டாங்களான்னு முதல்ல கேளுங்க. குழுவுல நாலுல மூணு பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். நம்ம கையெழுத்து இல்லாம அது நடக்காது. தீர்மானத்தைத் தேதியோட எழுதி, வட்டாரக் கல்வி அலுவலருக்குக் கொடுத்து, பெற்றுக்கொண்டதுக்குக் கையெழுத்து வாங்குங்க. அசையலைன்னா திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாள்ல அதே நகலோட மனு கொடுங்க. 14417-ன்னு பள்ளிக்கல்வித் துறை உதவி எண் இருக்கு, அதுலயும் பதிவு பண்ணலாம். எங்க பள்ளிக்கு அறிவியல் டீச்சர் வந்தது இப்படித்தான். பத்துப் பன்னெண்டு அம்மாக்கள் சேர்ந்து போனோம், தனியா போயிருந்தா உட்காரவெச்சே அனுப்பியிருப்பாங்க.

ஆகஸ்டு ஒண்ணாம் தேதி எத்தனை பிள்ளைங்க இருக்காங்களோ அதை வெச்சுத்தான் ஆசிரியர் பணியிடம் முடிவாகும். குறைஞ்சா இருக்கிற டீச்சரையும் உபரின்னு வேற பள்ளிக்கு மாத்திடுவாங்க. அதனால ஊர்ல மத்த அஞ்சாவது பிள்ளைங்க என்ன செய்யப் போறாங்கன்னு அவங்க அம்மாக்கள்கிட்ட இப்பவே பேசிப் பாருங்க.

---

மகளின் அம்மா:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. லீவு போட்டு மூணு பள்ளிக்கும் போயிட்டு வந்தேன்.

ரோட்டுப் பள்ளிக்கு மூணு மணிக்குப் போனேன். ஆறாவதுல ஒரு சார் கணக்கு எடுத்துட்டு இருந்தார், அந்தப் பள்ளியோட நிரந்தர ஆசிரியர்தான். ஏழாவது பிள்ளைகிட்ட நோட்டு வாங்கிப் பார்த்தேன் டீச்சர், நீங்க சொன்ன மாதிரியே வட்டம் போட்டிருந்தது! கையெழுத்து கோணலா இருந்துச்சு, அடிச்சு அடிச்சு எழுதியிருந்தா, ஆனா ஒவ்வொரு தப்புக்கும் கீழே மறுபடி போட்டிருந்தா. எட்டாவதுல கொஞ்சம் சத்தமா இருந்துச்சு, டீச்சர் பயிற்சிக்குப் போயிருந்தாங்களாம். ஆங்கில வழியும் தமிழ் வழியும் ஒரே அறையிலதான். கழிப்பறையில தண்ணி வருது, ஒரு கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஹெச்.எம். சார்கிட்ட சொன்னேன், சரி பண்றேன்னு எழுதி வெச்சுக்கிட்டார்.

டவுன் பள்ளியில ஒன்பதாவதுக்குக் கணக்கு எடுக்கிற மேடம் பத்து நிமிசம் நின்னு பேசினாங்க. எங்க ஊர்ப் பிள்ளைங்க நல்லா வாசிப்பாங்களாம். முன்னாடி கணக்கும் நல்லா இருந்துச்சு, இந்த வருசம் வந்தவங்க இயற்கணிதத்துல திணறுறாங்கன்னு சொன்னாங்க. கணக்கு சார் போன வருசம்தானே போனார், அப்படியே பொருந்துது. ரோட்டுப் பள்ளியில இருந்து வர்றவங்க தைரியமா கேள்வி கேட்பாங்கன்னும் சொன்னாங்க. டவுன் பள்ளி ஆறாவது வகுப்பையும் பார்த்தேன். 54 பேர். கடைசி பெஞ்சுல இருந்த பிள்ளைங்க பலகையைப் பார்க்கவே எழுந்து நின்னாங்க. என் மகளை அங்கே நினைச்சுப் பார்க்க முடியலைங்க.

ஊர்ப் பள்ளி ஹெச்.எம். டீச்சர்கிட்டயும் பேசினேன். எஸ்.எம்.சி. தீர்மானம் இதுவரைக்கும் போடலை. அடுத்த கூட்டத்துல போடறோம்னு சொன்னாங்க, நாங்க ஏழு அம்மாக்கள் வர்றதா சொல்லியிருக்கோம். மே மாசத்துக்குள்ள ஆள் வந்துட்டா ஊர்ப் பள்ளியிலேயே தொடரலாம், வரலைன்னா ரோட்டுப் பள்ளி, தமிழ் வழின்னு முடிவு பண்ணியிருக்கேன். வீட்டுக்காரரும் சரின்னுட்டார். மாமியாருக்கு 7.5 சதவீதம் பத்தி விளக்கிச் சொன்னதும் வேன் பேச்சை விட்டுட்டாங்க.

ரெண்டு சந்தேகம். ஜூன்ல சேர்க்காம, ஆசிரியர் வருவாரான்னு ஜூலை வரை பார்த்துட்டு நடுவுல மாத்தினா டி.சி. தர மாட்டேன்னு சொல்லுவாங்களா? அப்புறம் அந்த மெயின் ரோடுதான் பயமா இருக்கு. லாரி ஓட்டறவர் பொண்டாட்டிக்கு லாரி எப்படி வரும்னு தெரியும்.

---

எஸ்.எம்.சி. தலைவி:

ரோட்டுக்கு ஒரு வழி சொல்றேன். எங்க பள்ளிக்கும் ரோடு குறுக்கே வருது. உங்க ஊர்ல இருந்து போற எல்லாப் பிள்ளைங்களும் ஒரே நேரத்துல கிளம்பற மாதிரி ஏற்பாடு பண்ணுங்க. ரோட்டோரம் கடை வெச்சிருக்கிறவங்க யாராவது ஒருத்தர் காலை, மாலை நின்னு கடத்திவிடச் சம்மதிப்பாங்க, எங்களுக்கு டீக்கடை அண்ணன் செய்யறார். சைக்கிளை விட்டு இறங்கி, தள்ளிக்கிட்டுத்தான் தாண்டணும்னு பிள்ளைகளுக்குக் கண்டிப்பா சொல்லுங்க. வேகத்தடைக்கும் எச்சரிக்கைப் பலகைக்கும் கிராம சபையில தீர்மானம் போட்டு, அந்த ரோடு யாரோட பொறுப்புன்னு பார்த்து நெடுஞ்சாலைத் துறைக்கு அனுப்பணும். ரெண்டு ஊராட்சியும் சேர்ந்து அனுப்பினா நல்லது.

---

ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர்:

அம்மா, நீங்கள் போய்ப் பார்த்த விதம் எனக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தது. ஒன்பதாம் வகுப்பு மேடம் சொன்னதையும் கணக்கு சார் போனதையும் நீங்களே பொருத்திப் பார்த்துவிட்டீர்கள். அந்த அடித்து எழுதிய நோட்டு உள்ள பிள்ளையை ஒருநாள் உங்கள் மகளோடு பேச வையுங்கள், அதே ஊர்ப் பிள்ளையாக இருந்தால் இன்னும் நல்லது. புதுப் பள்ளியில் முதல் மாதம் பக்கத்தில் உட்காரத் தெரிந்த முகம் ஒன்று வேண்டும் உங்கள் மகளுக்கு.

டி.சி. பற்றிப் பயப்பட வேண்டாம். கல்வி உரிமைச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு, எட்டாம் வகுப்பு வரை ஓர் அரசுப் பள்ளியிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் உரிமையைப் பிள்ளைக்குக் கொடுக்கிறது. தலைமையாசிரியர் உடனே மாற்றுச் சான்றிதழ் தர வேண்டும். அது தாமதமானாலும், அதைக் காரணம் காட்டிப் புதுப் பள்ளி சேர்க்கையை மறுக்கக் கூடாது.

ஆனாலும் ஜூலை வரை இழுக்க வேண்டாம். மே கடைசிக்குள் ஊர்ப் பள்ளிக்கு ஆள் வராவிட்டால், ஜூனில் பள்ளி திறக்கும் முதல் நாளே ரோட்டுப் பள்ளியில் சேர்த்துவிடுங்கள். கூட்டத்தில் பின்னால் போகிற பிள்ளை பாதி ஆண்டில் புது வகுப்புக்குப் போனால் இன்னும் பின்னால் போய்விடுவாள். முதல் வாரத்திலேயே அந்தக் கணக்கு சாரைப் பார்த்து, "இவளுக்குப் பதில் தெரியும் சார், கை தூக்க மாட்டாள், நீங்களே பேர் சொல்லிக் கேளுங்கள்" என்று சொல்லிவிட்டு வாருங்கள். ஆசிரியருக்கு அந்த ஒரு தகவல் கிடைத்தாலே போதும்.

ஊர்ப் பள்ளிக்கான தீர்மானத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். உங்கள் மகள் வேறு பள்ளிக்குப் போனாலும், ஆறாவதில் மீதிப் பிள்ளைகள் அங்கேதான் உட்கார்ந்திருப்பார்கள்.